2.91-ம் 2.93-ம்: இரண்டு பிட்சர்களை லீக் சராசரியோடு ஒப்பிட்டபோது நடந்தது

பின்னணி

பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பொது நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். வார நாட்களில் தரவு வேலை. பேஸ்பால் எனக்குத் தாமதமாக வந்த பழக்கம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்பதால் முதல் இரண்டு வருடம் அதைக் கிரிக்கெட்டின் மொழியிலேயே புரிந்துகொண்டேன். அந்தப் பழக்கம் இந்த நிகழ்வில் ஓரிடத்தில் உதவியது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புள்ளியியல் பாடத்துக்கான செயல்திட்டத்தோடு வந்தான். கேள்வி இதுதான்: அவன் வீட்டார் கொண்டாடும் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பெட்ரோ மார்ட்டினெஸ் பெரிய பிட்சரா (பந்து எறிபவர், கிரிக்கெட்டின் பௌலர் போல), அம்மா வழித் தாத்தா கொண்டாடும் பாப் கிப்சன் பெரிய பிட்சரா? தாத்தா செயின்ட் லூயிஸ்காரர்; கிப்சன் ஆடிய கார்டினல்ஸ் அணியின் ஊர் அது. 1968-ல் அவருக்குப் பதினேழு வயது; கிப்சன் எறிந்ததை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர். பேரனோ பெட்ரோ எறிந்து ஒரு பந்துகூட நேரில் பார்த்ததில்லை. எல்லாம் அப்பா சொல்லிக் கேட்டது.

அவன் கொண்டுவந்த தாளின் கடைசியில் இரண்டே வரி இருந்தது. கிப்சன்: 251 வெற்றி, 174 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.91. மார்ட்டினெஸ்: 219 வெற்றி, 100 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.93. முடிவு: இருவரும் சமம், கிப்சன் ஒரு மயிரிழை முன்னால்.

ஈ.ஆர்.ஏ. என்பது ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்ற கணக்கு. பீல்டர்களின் தவறால் போன ரன்கள் இதில் சேராது. பிட்சரின் கணக்கில் எழுதப்படும் ரன் மட்டும்தான். கிரிக்கெட்டில் எகானமி ரேட் போல என்று வைத்துக்கொள்ளலாம், குறைந்தால் நல்லது.

தாத்தா கேட்டால் மகிழும் முடிவுதான். பையனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "எண்ணில் தப்பில்லை, ஆனால் என்னவோ தப்பு" என்றான். அந்த என்னவோவைத் தேடியதில் நான்கு சனிக்கிழமைகள் போயின.

முதல் தாளில் கண்டவை

புள்ளிவிவர இணையதளங்கள் தரும் மொத்தத்தை அப்படியே எழுதக் கூடாது, கணக்கைக் காட்ட வேண்டும் என்பது ஆசிரியரின் நிபந்தனை. அதனால் பையன் ஒவ்வொரு சீசனையும் விரிதாளில் ஏற்றிக் கூட்டியிருந்தான். மார்ட்டினெஸ் ஆடியது 1992 முதல் 2009 வரை 18 சீசன். இன்னிங்ஸ் பத்தியின் அடியில் விரிதாள் கூட்டிக் காட்டிய எண் 2822.9.

அந்த .9-ஐப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸ் என்றால் மூன்று அவுட். 241.1 என்று எழுதினால் 241 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும், 233.2 என்றால் 233 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். புள்ளிக்குப் பின் 0, 1, 2 தவிர வேறு எண் வரவே முடியாது. 19.4 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் நாலு பந்தும் என்பது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், 12.8 ஓவர் என்று யாராவது எழுதினால் சிரிப்போம். அதே சங்கதிதான் இது. ஆனால் விரிதாளுக்கு அது தெரியாதே. .1-ஐயும் .2-ஐயும் பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு என்று எடுத்துக்கொண்டது. மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று மாற்றிக் கூட்டியதும் 2827⅓ வந்தது. வித்தியாசம் நாலரை இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு. முடிவைப் புரட்டிப்போடும் பிழையல்ல. ஆனால் அடித்தளத்தில் இப்படி ஒன்று இருந்தால் மேலே கட்டுவதை நம்ப முடியாது. ஆகவே முதல் சனிக்கிழமை முழுக்க இதற்கே போனது. பையனுக்கு அலுப்பு, மறைக்கவும் இல்லை.

இரண்டாவது பிழை கொஞ்சம் நுட்பமானது. சரிபார்ப்பதற்காக 18 சீசன்களின் ஈ.ஆர்.ஏ.க்களையும் கூட்டி 18-ஆல் வகுத்திருந்தான். 3.00 வந்தது. தளத்தில் 2.93. எது சரி என்று தெரியாமல், தளத்திலிருந்ததையே எழுதிவிட்டான். காரணம் எளிது. 2000-ல் அவர் 217 இன்னிங்ஸ் எறிந்து 1.74 வைத்திருந்தார்; 2008-ல் 109 இன்னிங்ஸில் 5.61. வெறும் சராசரியில் இரண்டுக்கும் ஒரே எடை. 1992-ல் எறிந்த எட்டே எட்டு இன்னிங்ஸுக்கும் அதே எடை. ரன்களை மொத்தமாகக் கூட்டி (919), இன்னிங்ஸை மொத்தமாகக் கூட்டி, அப்புறம் வகுத்து 9-ஆல் பெருக்கினால் 2.93 தானாக வருகிறது.

மூன்றாவதுதான் பையன் தேடிய "என்னவோ". ஆசிரியர் "லீக் சராசரியோடு ஒப்பிடு" என்று எழுதிக் கொடுத்திருந்தார். இவன் நூற்றுச் சொச்சம் வருடங்களின் சராசரியை எடுத்து, அந்த ஒற்றை எண்ணை இருவருக்கும் பக்கத்தில் வைத்திருந்தான். ஒரே எண்ணோடு ஒப்பிட்டால் 2.91-ம் 2.93-ம் மறுபடியும் சமமாகத்தான் நிற்கும். ஒப்பிட்டதற்கு அர்த்தமே இல்லை.

எந்தச் சராசரி?

இரண்டாவது சனிக்கிழமை. வாழ்நாள் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரே ஒரு வருடத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன். இருவருக்கும் உச்ச வருடம் எது என்பதில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சண்டையே இல்லை: கிப்சனுக்கு 1968, மார்ட்டினெஸுக்கு 2000.

1968-ல் 304⅔ இன்னிங்ஸில் கிப்சனின் கணக்கில் எழுதப்பட்டது 38 ரன் மட்டும். ஈ.ஆர்.ஏ. 1.12. 34 ஆட்டம் தொடங்கி 28-ஐத் தானே முடித்தார். 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. 2000-ல் மார்ட்டினெஸ் 217 இன்னிங்ஸில் 42 ரன். ஈ.ஆர்.ஏ. 1.74. வெறும் எண்ணாகப் பார்த்தால் 1.12-க்குப் பக்கத்தில் 1.74 நிற்கவே முடியாது.

பேஸ்பாலின் உச்ச மட்டத்தில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக்; 1968-ல் கிப்சன் நேஷனல் லீக்கில், 2000-ல் மார்ட்டினெஸ் அமெரிக்கன் லீக்கில். அந்தந்த வருடத்து லீக்கை இப்போது பக்கத்தில் வைத்தோம். 1968-ல் நேஷனல் லீக்கின் மொத்த ஈ.ஆர்.ஏ. 2.99. 2000-ல் அமெரிக்கன் லீக்கின் மொத்த ஈ.ஆர்.ஏ. 4.91. லீக் எண்ணைப் பிட்சரின் எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் கிப்சனுக்கு 266, மார்ட்டினெஸுக்கு 282. வரிசை தலைகீழாகிவிட்டது. பையன் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தான்.

ஏன் இப்படி என்று எழுதாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் ஆசிரியர் விடமாட்டார் என்று தெரியும். 1968 பிட்சர்களின் வருடம் என்றே பெயர் பெற்றது. 1963-ல் ஸ்ட்ரைக் எல்லையை, அதாவது பேட்டர் அடிக்காமல் விட்டாலும் பிட்சருக்குச் சாதகமாக எண்ணப்படும் பந்துகளின் எல்லையை, பெரிதாக்கியிருந்தார்கள்; பிட்சர் நிற்கும் மேடு 15 அங்குலம் வரை உயரம். அந்த வருடம் அமெரிக்கன் லீக்கில் பேட்டிங் சராசரி .300-ஐத் தாண்டிய பேட்டர் ஒரே ஒருவர், கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, அதுவும் .301. ஒரு அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த ரன் சராசரியாக 3.42. பார்க்க வருபவர்கள் ரன்னைத் தேடி அலுத்துப்போனதால், 1969-ல் மேட்டை 10 அங்குலமாகக் குறைத்து ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். 2000-ல் நிலைமை நேர் எதிர். ஆட்டத்துக்கு ஓர் அணி 5.14 ரன். ஊக்கமருந்து ஊரறிந்த ரகசியமாக இருந்த காலம்; தண்டனையோடு கூடிய சோதனை வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. அந்த வருடம் அமெரிக்கன் லீக்கில் மார்ட்டினெஸுக்கு அடுத்த இடத்தில் இருந்த ரோஜர் கிளெமென்ஸின் ஈ.ஆர்.ஏ. 3.70. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு ரன் இடைவெளி. எனக்கு இந்த ஒரு வரி போதும். மற்ற எல்லாக் கணக்கையும்விட இதுதான் பேசுகிறது என்பேன்.

உச்ச வருடத்துக்குச் செய்ததை வாழ்நாள் முழுக்கச் செய்வது அடுத்த வேலை. இங்கே பையன் மறுபடியும் சறுக்கினான். மார்ட்டினெஸ் என்றால் ரெட் சாக்ஸ், ரெட் சாக்ஸ் என்றால் அமெரிக்கன் லீக் என்று 18 சீசனுக்கும் அமெரிக்கன் லீக் சராசரியையே போட்டுவிட்டான். ஆனால் அவர் பாஸ்டனில் இருந்தது 1998 முதல் 2004 வரை ஏழு சீசன். மொத்த இன்னிங்ஸில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. டாட்ஜர்ஸ், மான்ட்ரியல் எக்ஸ்போஸ், நியூயார்க் மெட்ஸ், பிலடெல்பியா பிலீஸ் எல்லாம் நேஷனல் லீக். அது பெரிய வித்தியாசமா என்று கேட்டான். பெரியதுதான். 1973 முதல் அமெரிக்கன் லீக்கில் பிட்சருக்குப் பதிலாக ஒரு தனி பேட்டர் இறங்குவார். நேஷனல் லீக்கில் 2022-ல்தான் அந்த விதி நிரந்தரமானது. அதுவரை, 2020 தவிர, பிட்சரே மட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கடைசி ஆளும் அடிக்கத் தெரிந்தவராக உள்ள அணிக்கு எறிவதும், கடைசியில் ஒரு நம்பர் லெவன் வரும் அணிக்கு எறிவதும் ஒன்றல்ல.

ஒவ்வொரு சீசனுக்கும் அவர் ஆடிய லீக்கின் எண், அதற்கு அவர் அந்த சீசனில் எறிந்த இன்னிங்ஸின் எடை. இப்படிக் கூட்டினால் மார்ட்டினெஸ் எதிர்கொண்ட லீக் சராசரி 4.4-ஐ ஒட்டி வந்தது. கிப்சனின் 17 சீசனுக்கு 3.6-ஐ ஒட்டி. ஒருவர் 4.4 சராசரியாக இருந்த ஊரில் 2.93, இன்னொருவர் 3.6 சராசரியாக இருந்த ஊரில் 2.91.

மைதானத்தையும் கணக்கில் சேர்ப்பதற்குத்தான் ஈ.ஆர்.ஏ. பிளஸ் என்ற அளவீடு. எல்லா மைதானமும் ஒன்றல்ல. சிலது பேட்டருக்கு இடம் கொடுக்கும், சிலது பிட்சருக்கு. அதைச் சேர்த்ததும் 2000-ன் மார்ட்டினெஸ் 282-லிருந்து 291-க்கு ஏறினார். 1968-ன் கிப்சன் 266-லிருந்து 258-க்கு இறங்கினார். வாழ்நாளுக்கு மார்ட்டினெஸ் 154, கிப்சன் 127. இதில் 100 என்பது சராசரி பிட்சர்.

ஒரு குறிப்பு. 154 என்றால் "சராசரியைவிட 54 சதவீதம் மேல்" என்று பையன் எழுதினான். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், தொலைக்காட்சியிலும் கேட்டிருக்கிறேன். பின்னத்தில் பிட்சரின் எண் கீழே இருப்பதால் அது சரியாக வராது. திருப்பிப் போட்டால்தான் பொருள் விளங்கும்: லீக் 100 ரன் கொடுத்த இடத்தில் மார்ட்டினெஸ் 65, கிப்சன் 79. உச்ச வருடத்தில் மார்ட்டினெஸ் 34, கிப்சன் 39. அறிக்கையில் இந்த எண்களையே போடுவது என்று முடிவு செய்தோம். "நூறுக்கு அறுபத்தைந்து" என்றால் பேஸ்பால் தெரியாத வகுப்புத் தோழிக்கும் புரிகிறது.

தாத்தாவின் மறுப்பு

மூன்றாவது வாரம் பையன் தாளைத் தாத்தாவுக்கு அனுப்பினான். அன்றிரவே போன் வந்ததாம். அவர் சராசரியைப் பற்றி வாதாடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மிச்ச இன்னிங்ஸை யார் எறிந்தார்கள்?

கிப்சன் 3884⅓ இன்னிங்ஸ். மார்ட்டினெஸ் 2827⅓. வித்தியாசம் சரியாக 1057. கிப்சன் தொடங்கிய 482 ஆட்டங்களில் 255-ஐ முடித்தார். மார்ட்டினெஸ் 409-ல் 46. அப்புறம் தாத்தா சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்: கிப்சன் 24 ஹோம் ரன் அடித்தவர், பீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருதை ஒன்பது தடவை வாங்கியவர், 1968 உலகத் தொடரின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக 17 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர். இதெல்லாம் உங்கள் 79-ல் எங்கே?

கடைசி மூன்றும் கேள்விக்கு வெளியே என்று ஒதுக்கலாம். முதல் கேள்வியை ஒதுக்க முடியாது. லீக் சராசரியை அளவுகோலாக வைக்கும்போது நாம் அறியாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: சராசரியாக எறிபவரின் மதிப்பு பூச்சியம். நடப்பில் அப்படி இல்லை. 250 இன்னிங்ஸ் சராசரியாக எறியும் ஒருவர் கிடைத்தால் எந்த அணியும் விடாது. அவர் இல்லாவிட்டால் அந்த இன்னிங்ஸை எறியப்போவது சராசரி ஆள் அல்ல, அதற்கும் கீழே உள்ளவர். அந்தக் கீழ் மட்டத்திலிருந்து அளக்கும் டபிள்யூ.ஏ.ஆர். என்ற கணக்கில், எறிதலை மட்டும் எடுத்தாலும் இந்த இருவரும் அருகருகே வந்து நிற்கிறார்கள். 65-க்கும் 79-க்கும் இருந்த இடைவெளி அங்கே பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

பையன் முகம் தொங்கிப்போனது. மூன்று வாரம் உழைத்து பெட்ரோவை மேலே ஏற்றியவன், தாத்தா ஒரே போனில் இறக்கிவிட்டார் என்று நினைத்தான். இறக்கவில்லை, அது வேறு கேள்வி என்று சொன்னேன். எறிந்தபோது எவ்வளவு நன்றாக எறிந்தார் என்பது ஒன்று. மொத்தமாக அணிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று பிதுங்கும்.

எடுத்த முடிவுகள்

"யார் பெரியவர்" என்ற தலைப்பை எடுத்துவிட்டான். இதற்கு நான் வற்புறுத்தவில்லை, அவனே செய்தான். அட்டவணையில் நான்கு பத்தி: சொந்த ஈ.ஆர்.ஏ., எடை போட்ட லீக் சராசரி, லீக் 100-க்கு இவர் எத்தனை, மொத்த இன்னிங்ஸ். நான்காவது பத்தி தாத்தாவுக்காக வந்தது. ஆனாலும் அட்டவணையில் அதிகம் தேவைப்பட்ட பத்தியும் அதுதான்.

டபிள்யூ.ஏ.ஆர். எண்ணைச் சேர்ப்பதில்லை என்று நான் சொன்னேன். அதைக் கணக்கிடும் முறை தளத்துக்குத் தளம் மாறும்; பையனால் தன் கையால் போட்டுக் காட்ட முடியாத எண், "கணக்கைக் காட்டு" என்ற நிபந்தனைக்கு ஒத்துவராது. ஒரு வரியில் குறிப்பிட்டு நிறுத்தினோம். இன்றைக்கும் அது சரியான முடிவா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

பின்னர் நடந்தது

வகுப்பில் பேச எட்டு நிமிடம். அவன் முதலில் 2.91, 2.93 என்ற இரண்டு எண்களை மட்டும் திரையில் போட்டு, யார் மேல் என்று கை தூக்கச் சொல்லியிருக்கிறான். பாதிப் பேர் சமம் என்றார்களாம். அப்புறம் லீக் எண்களைப் போட்டு மறுபடி கேட்டான், கடைசியில் இன்னிங்ஸைப் போட்டு மூன்றாம் முறை. மூன்று தடவையும் கைகள் மாறின.

ஆசிரியர் நல்ல மதிப்பெண் கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியும். உன் லீக் சராசரியில் ரிலீவர்களும் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்சர்கள்) இருக்கிறார்களா? இருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்து எறியும் பிட்சரைப் போல அவர்கள் பலத்தைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. ஒரு இன்னிங்ஸ் வந்து முழு வேகத்தில் எறிந்துவிட்டுப் போவார்கள். அதனால் அவர்கள் ஈ.ஆர்.ஏ. பொதுவாகக் குறைவு. கிப்சன் காலத்தில் தொடங்கியவரே வெகுதூரம் போவார். 2000 வாக்கில் ரிலீவர்களின் பங்கு பெரிதாகியிருந்தது. அப்படியானால் மார்ட்டினெஸை நாங்கள் ஒப்பிட்ட 4.4, தொடக்கப் பிட்சர்களை மட்டும் எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். பையனிடம் பதில் இல்லை. எனக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

இன்னிங்ஸை அவுட்டாக மாற்றித்தான் இனி விரிதாளில் ஏற்றச் சொல்வேன். மூன்றால் பெருக்கிவிட்டால் புள்ளியே வராது, பிழைக்கு வழியில்லை. முதல் சனிக்கிழமை மிச்சமாகும்.

தாத்தாவை முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். கணக்கு முடிந்தபிறகு காட்டுவோம் என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி, எந்த அளவுகோலை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டாவது வாரத்தில் வந்திருந்தால், நான்காவது பத்தி பிற்சேர்க்கையாக வந்திருக்காது.

ரிலீவர்களைக் கழித்த சராசரியைப் பையன் இப்போது வருடம் வருடமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். மதிப்பெண் வந்தபிறகும் விடவில்லை. 1968-ல் தொடங்கியிருக்கிறான், தாத்தா கேட்டுக்கொண்டாராம்.